ஒரு பீப்

பழைய கார்டைக் கழற்றும்போது
விசிறியில் ஒன்பது வருடத்துத் தூசி.
கீழே சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் பொரியும் புகை
அதைப் பிசினாக்கி வைத்திருந்தது.
புதிய கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்று விசிறி, முழங்கை நீளம்.
சீட்டு எடுத்த காசு முழுக்க அதற்குள் இருக்கிறது.
கனத்தைப் பார்த்தால் இருக்கும் போலத்தான்.

செருகினேன். தாழ் டக்கென்று விழுந்தது.
பவர் பொத்தான்.
விசிறிகள் சுற்றின, பச்சையாய் விளக்கு எரிந்தது,
உள்ளிருந்து ஒரு பீப்.
திரையில் மட்டும் நோ சிக்னல் என்று ஒரு சின்னப் பெட்டி
மூலைக்கு மூலை அலைந்தது.
பிறகு அதுவும் அணைந்தது.

அணைத்தேன். கழற்றினேன். செருகினேன்.
எட்டு முனை வயரைப் பிடுங்கி மறுபடி குத்தினேன்.
ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன்,
கருங்கலில் ரப்பருக்கா பஞ்சம்.
கேபிள் கார்டில்தான் இருக்கிறதா என்று டார்ச்சடித்தேன்.
கார்டில்தான்.
காசளவு பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து
ஐந்து நிமிடம் கைக்குள் மூடி வைத்திருந்தேன்.
திரும்பப் போட்டபோது சூடாயிருந்தது.

நாகர்கோவில் கடைக்கு போன்.
"எஸ்.எம்.பி.எஸ். எத்தன வாட்டு?"
"அறுநூத்தம்பது."
"அப்ப கார்டுல ஒண்ணும் இல்ல. ஒனக்க போர்டு பழசு பிள்ளே."
"மாத்தித் தருவியளா ஜெறால்டண்ணே?"
"பெட்டியக் கீறாம வச்சிருக்கியா?"
பெட்டி நாலு துண்டாய்க் காலடியில் கிடந்தது.

மூன்று மணிக்கு கரண்ட் போய் வந்தது. இடவப்பாதி.
மாப்பிள்ளைக்க அக்கா மூன்றாம் தடவை அழைத்தாள்,
நான் எடுக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை அவன் தோஹாவுக்கு ஏறுகிறான்.
அதற்குள் பெண்வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து
வீடியோ பார்க்க வேண்டுமாம்.

கோபத்தில் பென்டிரைவைக் குத்தினேன்.

டிண்டிங்.

ஸ்பீக்கரிலிருந்து.
உள்ளே ஆள் இருக்கிறது!

விண்டோஸ் கீ. சாஃப்ட்வேர் பெயரின் முதல் மூன்றெழுத்து. என்டர்.
நூறு வரை எண்ணினேன்.
கடைசியாய் மூடிய வேலை, அதற்கும் ஒரு என்டர்.
ஸ்பேஸ்பாரைத் தட்டினேன்.

கறுப்புக்குள் கல்யாணம் ஓடியது.

பதினோரு வருடமாய்க் கல்யாணம் வெட்டுகிறேன்.
சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வெட்டுவேன்,
பாட்டு பிற்பாடு ஏற்றுவது.
இப்போது சத்தம் மட்டும்.
சாமியார்க்க மைக் கிறீச்சிட்டது.
நாற்காலிகள் இழுபட்டன. யாரோ தும்மினார்கள்,
யாரோ சாம்பார் போதுமா என்றார்கள்.
பிறகு, கழற்ற மறந்த காலர் மைக்கில்,
கார்க் கதவு திறக்கும் சத்தத்துக்குப் பக்கத்தில்
பெண்ணின் அப்பா:

"செருப்பு கடிக்குதா மக்ளே?"
"கொஞ்சம்."
"கழத்தீட்டு எனக்கதப் போடு."

அருமனைப் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர்.
அவர் செருப்பு அவளுக்கு எவ்வளவு பெரிதாயிருக்கும்.
போட்டாளா?
அந்த இடத்தில் நான் ட்ரோன் ஷாட் வைப்பதாக இருந்தேன்.

போட்டாளா என்று பார்க்க வேண்டும்.
அப்போதுதான் மானிட்டரைச் சந்தேகப்பட்டேன்.
பழைய கார்டுக்கு நீல முனைக் கேபிள்.
புதியதில் அந்தத் துளையே கிடையாது,
காலையில் வேறு கேபிளை வேறு துளையில் மாட்டியது நான்தான்.
மானிட்டரோ காலையிலிருந்து
பழைய துளையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.
அடியில் உள்ளமுங்கிப்போன பொத்தான்.
ஹேர்பின்னால் குத்தினேன். இன்னொரு குத்து.

வெளிச்சம் கண்ணில் அறைந்தது.
எல்லாம் சரி என்றால் ஒரு பீப்,
கோளாறு என்றால் பல.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல.

பின்னால் இழுத்தேன். கார்க் கதவு.
கேமரா அந்நேரம் பார்த்து
வாசல் வளைவின் பிளாஸ்டிக் பூக்களில் நிற்கிறது.
பிடித்தது நான்தான்.
கால்கள் ஒரு ஃப்ரேமிலும் இல்லை.

மூன்று மணி நேரம் எடுக்கிற வேலை
பதினோரு நிமிடத்தில் முடிந்தது.
அந்த இடத்தில் மட்டும் பாட்டை இறக்கி வைத்தேன்.

அக்காவை அழைத்து ஆறு மணிக்கு வரச்சொன்னேன்.
பொண்ணு எந்தச் செருப்பில் வீட்டுக்கு வந்தாள் என்று
கேட்க வாயெடுத்து,
பாக்கித் தொகையைச் சொன்னேன்.